இன்னொரு தபா ரத்தம்

அந்த அம்மா மீன் வாங்குகிற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கத்தில் ஏரி மீன் கூடையோடு நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். முதல் கூடையில் ஒரு மடவையை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். நல்ல சிவப்பாகத்தான் இருக்கும். அதைக் கீழே வைத்துவிட்டு மற்ற கூடைகளையும் வரிசையாகப் பார்த்து முடித்து, திரும்ப முதல் கூடைக்கே வந்து, அதே மீனின் அதே செவுளை மறுபடியும் தூக்குவார்.

“ஏம்மா, அஞ்சு நிமிசத்துல அது இன்னா வெளுத்தா பூடும்?” என்று மீன்காரி கத்துவாள்.

“வெளுத்துச்சின்னு நான் சொன்னனா? இன்னொரு தபா பாத்துக்கறேன், அவ்ளோதான்” என்பார். கோபமே வராது. வாங்குவதும் அந்த மீனைத்தான்.

ஸ்டேஷனுக்குக் கிழக்கே பத்துக் கட்டில் போட்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அதில் ரத்தம், சிறுநீர் எல்லாம் பரிசோதிப்பவர் அவர். சொந்த ஊர் காக்களூர். எல்லாருக்கும் அவர் லேப் அம்மா. பெயர் எனக்குத் தெரியும். எழுதினால், எழுத்து சரியாக இருக்கிறதா என்று இன்னொரு தரம் பார்க்கச் சொல்வார், எதற்கு வம்பு என்று விட்டுவிடுகிறேன்.

அவர் வீட்டுக்காரர் ரயில்வேயில் கேட் கீப்பர். ஆரம்பாக்கம் போகும் வழியில் ஒரு கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். “ரயில் வருதான்னு ரெண்டு பக்கமும் பாக்கற வேலை எனக்கு. ஆனா அத்த ரெண்டு தபா பாக்கறவ அவ” என்பார். தாலி கட்டி முடித்ததும், கூடியிருந்தவர்கள் அட்சதை போட்டுக்கொண்டிருக்கும்போதே, மணப்பெண் கையைப் பின்னால் கொண்டுபோய் மூணு முடிச்சும் விழுந்திருக்கிறதா என்று தடவி எண்ணிப் பார்த்ததாம். இதை அவர் சொல்லும்போது லேப் அம்மா பக்கத்திலேயே நின்று, “மூணுதான் இருந்திச்சி” என்று உறுதி செய்வார்.

இப்படி ஒரு ஆள் பக்கத்து வீட்டில் இருந்தால் பேஜாருதான். எனக்கோ, இப்படி ஒருவர் இருந்ததால்தான் சோறு கிடைத்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எழுபதுகளில், சாராயக் கடைகளை அரசாங்கம் மறுபடியும் மூடியிருந்த சமயம். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே ஒரு ஐஸ் ஃபாக்டரியில் நான் மெஷின் ஆபரேட்டர். பழவேற்காடு ஏரியில் பிடிக்கும் மீனுக்கும் இறாலுக்கும் அங்கிருந்துதான் ஐஸ் போகும். ஐஸ் உறைய வைப்பது அமோனியா. குழாய்க்குள் ஓடுகிற வரைக்கும் அது சாது. வெளியே கொஞ்சம் கசிந்தால் போதும், கண்ணிலும் மூக்கிலும் மிளகாய்ப் பொடி தூவின மாதிரி இருக்கும். அந்த மெஷினை எட்டு வருஷம் ஓட்டியதில் எனக்குப் பெருமை உண்டு. சத்தத்தை வைத்தே அதற்கு என்ன குறை என்று சொல்லிவிடுவேன்.

எனக்கு என்ன குறை என்றுதான் எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் காலை ஷிஃப்டில், ஒன்பது மணி சுமாருக்கு, மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் ஞாபகம். அடுத்த ஞாபகம், நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறேன், என் வலது கையில் ஒரு ஸ்பேனர் இருக்கிறது. நாக்கு வீங்கி வாய் கொள்ளாமல் இருந்தது.

நடுவில் நடந்ததைச் சொன்னவர் எங்கள் ஃபிட்டர். தடாவிலிருந்து வேலைக்கு வருகிற தெலுங்குக்காரர், பெரியவர் சிறியவர் எல்லாருமே அவருக்கு நைனாதான். “நைனா, மரம் சாஞ்சா மாதிரி சாஞ்சிட்ட. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது. நல்ல வேள, ஓடற மெஷின் பெல்ட்டுக்கு இந்தாண்ட வுழுந்த. நாந்தான் இரும்பு குடுத்தேன்” என்று ஸ்பேனரைக் காட்டினார். இழுப்பு வந்தவன் கையில் இரும்பு கொடுப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். எங்கள் ஃபாக்டரியில் இரும்புக்கா பஞ்சம்?

ஆஸ்பத்திரி டாக்டர் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். நல்ல மனுஷர், கைராசிக்காரர். ஆனால் ஆயுள் முழுக்க ஈரல் நோய்க்கே வைத்தியம் பார்த்தவர். யார் வந்து படுத்தாலும் முதலில் வலது விலாவுக்குக் கீழேதான் கையை வைப்பார். ரத்தத்தில் அமோனியா எவ்வளவு என்று பார்க்கிற பரிசோதனையை லேப் அம்மாவுக்கு அவர்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். ஈரல் கெட்டவர்களுக்கு ரத்தத்தில் அது ஏறுமாம்.

நான் அரை மயக்கத்தில் இருந்தபோது லேப் அம்மா ஊசியோடு வந்தார். அது மட்டும் மங்கலாக ஞாபகம் இருக்கிறது.

“உம் பேரு இன்னாப்பா?”

சொன்னேன்.

“பேரு இன்னா சொன்ன?”

மறுபடியும் சொன்னேன்.

“நாஷ்டா எத்தினி மணிக்குத் துன்ன?”

“ஏழுக்கு.”

“ஏழுக்குத்தானே?”

“ஏழு.”

“குடிப்பியா?”

“இல்லம்மா.”

ரத்தத்தை எடுத்தார், கண்ணாடிக் குழாயை ஐஸில் சொருகினார், போய்விட்டார். ஐஸும் எங்கள் ஃபாக்டரி ஐஸ்தான்.

ஒரு மணி நேரத்தில் ரிசல்ட் வந்தது. ரத்தத்தில் அமோனியா எக்கச்சக்கம். டாக்டர் என் விலாவுக்குக் கீழே கையை வைத்து, “எத்தனை வருஷமா குடிக்கறே?” என்று கேட்டார்.

“குடிக்கறதில்ல சார்” என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டிருந்ததால் அது வாயில் இருந்து குழறிக்கொண்டுதான் வந்தது. குழறிக் குழறி ஒருவன் நான் குடிப்பதில்லை என்றால் யார் நம்புவார்கள்? அவர் நாலு தரம் கேட்டார். நானும் நாலு தரம் குழறினேன். ஈரல் கெட்டு விஷம் தலைக்கு ஏறினாலும் இழுப்பு வரும் என்று ஃபிட்டரிடம் சொன்னார்.

வார்டில் சொன்ன இந்தச் சமாசாரம் ஃபாக்டரிக்குப் போய்ச் சேரும்போது வேறாகிவிட்டது. ‘ரத்தத்துல அமோனியா’ என்று கேட்டதும் எங்கள் ஆட்களுக்கு ஈரலா நினைவுக்கு வரும்? அவர்களுக்குத் தெரிந்த அமோனியா குழாயில் ஓடுகிற அமோனியாதான். கேஸ் கசிந்து ஆள் உடம்புக்குள் புகுந்துவிட்டது என்று கிளம்பிவிட்டார்கள். பாதிப் பேர் வேலையைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து, “எங்க ரத்தத்தையும் பாருங்க” என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார்கள். அதைப் பார்த்து, ஐஸ் ஏற்ற வந்த மீன்காரர்கள், “ஐஸ்லயே வெசமாம்பா” என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். கேஸும் கசியவில்லை, ஒன்றும் கசியவில்லை. ஐஸ் ஃபாக்டரிக்காரர்களால் மட்டுமே செய்ய முடிகிற தப்பு அது.

முதலாளி மத்தியானம் வேர்த்து விறுவிறுத்து வந்தார். கேஸ் கசிந்தது என்று பேர் வந்தால் ஃபாக்டரிக்குக் கேடு. குடித்துவிட்டு விழுந்தான் என்றால் கேடு எனக்கு மட்டும். எதை நம்புவது என்று அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

“சார், குடின்னு சீட்டு எழுதிக் குடுத்துடுங்க” என்றார் டாக்டரிடம். “குடிச்சிட்டு மெஷின்ல நிக்கறவன் எனக்கு வோணாம். இன்னிக்கே கணக்கத் தீத்துடறேன்.”

குடிகாரன் என்று சீட்டோடு வெளியே அனுப்பப்பட்ட ஆபரேட்டரை வேறு எந்த ஃபாக்டரியும் எடுக்காது. வேலைகூட இரண்டாவது. என் அப்பா சாராயத்தில் போனவர். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அதனாலேயே அந்த வாடைப் பக்கம் போகாதவன். என்னைப் போய்!

என் மனைவி அப்போது ஏழு மாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். வந்ததும் அழவில்லை. “இன்னாய்யா, ஊது” என்றாள். ஊதினேன். முகர்ந்து பார்த்தாள். “மெய்யா சொல்லு, குடிச்சியா?” என்றாள். “இல்லடி” என்றேன். “எம்மேல ஆணையா?” என்றாள். ஆணை வைத்த பிறகுதான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

டாக்டர் சீட்டு எழுதப் பேனாவைத் திறந்தார். அத்தோடு, ஈரல் கெட்டவர்களுக்கு உடனே குடலைக் கழுவ வேண்டும் என்று எனிமாவுக்கும் உத்தரவு போட்டார். ஆயா கேனோடு வந்து என் கட்டிலுக்கு எதிரே நின்றுவிட்டாள். அந்த நேரத்தில் நான் எதற்கு அதிகம் பயந்தேன் என்று கேட்டால், வேலை போவதற்கு என்றுதான் சொல்வேன். ஆனால் கேனும் பெரியதாகத்தான் இருந்தது.

அப்போதுதான் லேப் அம்மா உள்ளே வந்தார். “சார், சீட்டு எழுதறதுக்கு முந்தி இன்னொரு தபா பாத்துடலாம்.”

“ரிசல்ட் ரிசல்ட்தாம்மா. எத்தனை தரம் பார்த்தாலும் கெட்ட ஈரல் கெட்ட ஈரல்தான்.”

“ஆமா சார். கெட்ட ஈரலா இருந்தா சாயங்காலமும் கெட்டுத்தானே இருக்கும்? எங்க பூடப் போவுது? சாயங்காலம் பாத்துட்டு எழுதலாம். எனிமாவும் இப்ப வோணாம் சார்.”

“அது ஏன்?”

“இத்த குடுத்துட்டு அப்பறம் எறங்கிச்சின்னா, எதால எறங்கிச்சின்னு எப்டி சார் சொல்றது?”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அதற்குள் முழு நினைவோடு எழுந்து உட்கார்ந்து டீ கேட்டிருந்தேன். ஈரலால் மயங்கியவன் இவ்வளவு சீக்கிரம் டீ கேட்க மாட்டான் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். பேனாவை மூடினார். “சாயங்காலம் வரைக்கும்தான்” என்றார். முதலாளி வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்.

லேப் அம்மா என்னிடம் வந்து, “நாக்க நீட்டு” என்றார். நீட்டினேன். ஓரத்தில் பல் பதிந்திருந்த காயத்தைப் பார்த்தார். “உள்ள இஸ்துக்கோ... இன்னொரு தபா நீட்டு” என்றார்.

ஐந்து மணிக்கு மறுபடியும் என்னிடம் ரத்தம் எடுத்தார். என்னோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அதே ஷிஃப்டில், அதே அறையில் நின்ற ஃபிட்டரையும் பிடித்தார். கேஸ்தான் காரணம் என்றால் அவர் ரத்தத்திலும் இருக்க வேண்டுமே. ஃபிட்டர் ஆறடி ஆள். ஊசியைக் கண்டதும், “நைனா, அந்த ஸ்பேனர இப்டி குடு” என்று என்னிடம் இருந்து வாங்கி, இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். மூன்றாவதாக லேப் அம்மா தன் கையையே நர்ஸிடம் நீட்டினார்.

“உனக்கு எதுக்கும்மா?” என்றார் டாக்டர்.

“ஐஸு மேல சந்தேகம், தட்டு மேல சந்தேகம்னு நாளைக்கு யாராச்சும் சொல்லுவாங்க. ஃபாக்டரி பக்கமே போவாத என் ரத்தத்தையும் அதே ஐஸ்ல வெச்சி, அதே தட்டுல போட்டுடறேன்.”

அந்தப் பரிசோதனையை ஜன்னல் வழியாக நாங்கள் எல்லாரும் பார்த்தோம். ஒரு வட்டத் தட்டு, அதற்குள் இன்னொரு சின்ன வட்டம். வெளி வட்டத்தில் ரத்தத்தையும் உள் வட்டத்தில் ஒரு மருந்தையும் விட்டு மூடிவைக்கிறார். ரத்தத்தில் இருந்து கிளம்புகிற அமோனியாவை நடுவில் இருக்கும் மருந்து பிடித்துக்கொள்ளும். அப்புறம் சொட்டுச் சொட்டாக வேறு ஒன்றை விட்டு அளப்பார். முதலாளி எட்டிப் பார்த்தார், ஐஸ் சங்கதி என்ன ஆச்சு என்று விசாரிக்க வந்திருந்த மீன்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள், எனிமாக் கேனைக் கீழே வைக்காமல் ஆயாவும் எட்டிப் பார்த்தாள்.

மூன்றும் ஒன்றுபோல இருந்தன. என்னுடையது, ஃபிட்டருடையது, அவருடையது, மூன்றிலும் எல்லாருக்கும் இருக்கிற அளவுதான். காலையில் ஏறியிருந்தது மாயமாக இறங்கிவிட்டது.

“அப்போ சரி” என்று டாக்டர் எழுந்தார்.

“இருங்க சார், இன்னொரு தபா” என்று லேப் அம்மா தட்டைக் கழுவப் போய்விட்டார்.

டாக்டர் சிரித்துவிட்டார். மறுபடியும் அதே அளவு வந்த பிறகுதான் லேப் அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். “ஈரலும் இல்ல, கேஸும் இல்ல சார். இழுப்புல ஒடம்புல இருக்கற சதையெல்லாம் முறுக்கிக்கிச்சி. ஓடி வந்தவனுக்கு மூச்சு வாங்கறா மாதிரி, அதுல அமோனியா ஏறியிருக்கு. ஒக்காந்தான், எறங்கிடுச்சி.”

டாக்டர் ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். பிறகு என் விலாவில் கை வைக்காமல், முதல் தடவையாக என் நாக்கைப் பார்த்தார். “நான்தான் அவசரப்பட்டேன்” என்று எல்லார் எதிரிலும் சொன்னார். அப்படிச் சொல்ல எத்தனை டாக்டர்களுக்கு மனசு வரும்? எனிமாக் கேன் உள்ளே போயிற்று.

கதை இத்தோடு சுபமாக முடிந்திருக்கலாம். ஆனால் லேப் அம்மா விடவில்லை. “உனக்கு வந்தது வலிப்பு. மாத்திரை துன்னணும், தவறாம துன்னணும். இனிமே பெல்ட்டு ஓடற மெஷின் கிட்ட நிக்காத” என்றார்.

“அம்மா, குடி இல்லன்னு மட்டும் எழுதச் சொல்லுங்கம்மா. வலிப்புன்னு எழுதினா மெஷின எங்கிட்ட குடுக்க மாட்டாங்க” என்று கெஞ்சினேன்.

“குடுக்கத்தான் கூடாது. இந்த தபா இந்தாண்ட வுழுந்த. இன்னொரு தபா அந்தாண்ட வுழுந்தா? அந்த ‘இன்னொரு தபா’ மட்டும் எனக்கு வோணாம்பா.”

எனக்கு வந்த ஆத்திரத்தில், இதற்குக் குடிகாரனாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. சொல்லியும்விட்டேன். என் மனைவி தொடையில் கிள்ளினாள். குடி இல்லை, ஈரல் நன்றாக இருக்கிறது, வந்தது வலிப்பு, மெஷின் வேண்டாம், வேறு வேலை தாராளமாகக் கொடுக்கலாம் என்று டாக்டர் சீட்டு எழுதினார்.

முதலாளி சீட்டைப் படித்தார். எனக்கு வேறு வேலை கொடுக்கிற எண்ணம் அவருக்கு இல்லை, முகத்திலேயே தெரிந்தது. ஆனால் வாசலில் மீன்காரர்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். “ஆளு நல்லா இருக்கான்னா ஐஸும் நல்லாத்தான் இருக்கும். அவன் வந்து ஐஸ் குடுக்கட்டும், நாங்க வாங்கறோம்” என்றார் அவர்களில் ஒரு பெரியவர். மறுநாள் காலையில் முதலாளி என்னை ஃபாக்டரி கேட்டில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். வண்டிகளுக்கு முறை சொல்வது என் வேலை. சொல்லாத வேலை ஒன்றும் இருந்தது. எல்லாரும் பார்க்க நான் ஒரு துண்டு ஐஸை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு வாரம் கடித்தேன். நாக்குக் காயத்துக்கு அது நல்ல மருந்தாகவும் இருந்தது. அதன் பிறகு பதினோரு வருஷம் அந்த கேட்டில்தான் வேலை பார்த்தேன்.

முதல் ஒரு மாதம் லேப் அம்மா மேல் கோபமாகத்தான் இருந்தேன். உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் மாறும்போதெல்லாம் கை துடிக்கும். பிறகு ஒரு நாள் கேட்டில் உட்கார்ந்திருந்தபோது இன்னொரு தரம் இழுப்பு வந்தது. ஸ்டூலில் இருந்து மணலில் விழுந்து, முழங்கையில் சிராய்ப்போடு எழுந்தேன். பெல்ட்டைப் பற்றி நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கே கோபம் போய்விட்டது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டதில், அதற்குப் பிறகு வரவும் இல்லை.

மகள் பிறந்ததும் அந்த ஆஸ்பத்திரியில்தான். லேப் அம்மா வந்து குழந்தையின் கை விரல்களை எண்ணினார், கால் விரல்களை எண்ணினார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். மறுபடியும் கை விரலில் இருந்து ஆரம்பித்தார். “இருவது” என்றார். “காலைலயே நான் எண்ணிட்டேம்மா” என்றாள் என் மனைவி. “எத்தினி தபா?” என்றார் லேப் அம்மா.

அவர் வீட்டுக்காரருக்குத் திருவள்ளூர்ப் பக்கம் மாற்றல் ஆனபோது சாமான் ஏற்றுகிற அன்று போயிருந்தேன். பூட்டின கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, லாரி வரைக்கும் வந்து, திரும்பப் போய் இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார். அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோது, ஆஸ்பத்திரியில் அரை மயக்கத்தில் நடந்த பேச்சு எனக்கு முழுசாக நினைவுக்கு வந்தது. பேரை இரண்டு தரம் கேட்டார். நாஷ்டாவை இரண்டு தரம் கேட்டார்.

“அம்மா,” என்றேன், “அன்னிக்கு டாக்டர் எங்கிட்ட நாலு தபா கேட்டாரு, குடிக்கறியான்னு. எம் பொண்டாட்டி ஆணை வெச்சிக் கேட்டா. நீங்க ஒரே ஒரு தபாதான் கேட்டீங்க. ஏன்?”

அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். “ஒரு தபாதான் கேட்டனா?”

“ஒரு தபாதான்.”

“மெய்யாவா?”

“மெய்யாதாம்மா.”

தப்பு செய்து மாட்டிக்கொண்ட மாதிரி அவர் முகம் ஆகிவிட்டது. நான் சொன்னதை அவர் கேட்ட மாத்திரத்தில் நம்பியிருக்கிறார். அது அவருக்கே தெரியவில்லை. வீட்டுக்காரர் லாரியில் இருந்து, “நேரமாவுதும்மே” என்று குரல் கொடுத்தார். லேப் அம்மா சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, என் முகத்துக்கு நேராக நின்று, ஊசி போடுகிறபோது நிற்கிற மாதிரியே நின்று, கேட்டார்:

“குடிப்பியா?”

“இல்லம்மா.”

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினார்.